நிறையும் எடையும்: நடுநிலைப் பள்ளி அறிவியல் நூல்களின் தமிழ்நடை

தமிழில் அறிவியல் கற்பித்தல் பற்றி இதுகாறும் நிகழ்ந்த ஆராய்ச்சி பெரும்பாலும் சொல்லாராய்ச்சியே ஆகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன், வேதியியல் நூலொன்றைக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டு 1875இல் வெளியிட்ட நாள்தொட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு நேர்சொல் யாது என்பதே வினாவாக இருந்து வந்தது. 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கமும், 1936இல் சென்னையில் விபுலாநந்த அடிகளார் தலைமையில் கூடிய சொல்லாக்க மாநாடும், அதன் பயனாக 1938இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியும், 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழுவும், அக்குழுவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும் நம் துறையினர் நன்கு அறிந்தவை. வடசொல்லை ஏற்பதா, தூய தமிழ்ச்சொல் ஆக்குவதா, மேலைநாட்டுச் சொல்லை ஒலிபெயர்ப்பதா என்ற வழக்கில் இரு தரப்பாரும் அரும்பணி புரிந்தனர். அவ்வழக்கை மீண்டும் தொடங்குதல் எம் நோக்கமன்று.

யாம் ஈண்டு எழுப்பும் வினா வேறு. ஆக்கப்பட்ட சொல் ஒரு தொடரில் நின்றே பொருள் தருகிறது. அத்தொடரைப் பதினோர் அகவைச் சிறுவன் படிக்கிறான். அவன் படிக்கும்போது அச்சொல்லுக்கு அவன் வீட்டிலும் தெருவிலும் கடையிலும் முன்னரே வழங்கும் பொருள் என்னாகிறது? கலைச்சொல் பற்றி நூறாண்டுக்கு மேலாக எழுதி வந்துள்ளோம். கலைச்சொல் நின்ற தொடரைப் பற்றி எழுதினோம் அல்லேம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு உரிய அறிவியல் நூல்களைத் திறனாய்வுக்கு உரிய உரைநடை நூல்களாகத் தமிழ்த்துறையினர் கருதுவதில்லை. சிறுகதைக்கும் புதினத்திற்கும் நடையாய்வு செய்யும் நாம், தமிழ்ச் சிறுவர் பல்லாயிரவர் கட்டாயமாகப் படிக்கும் உரைநடையை இயற்பியலாரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் விட்டுவிட்டோம்.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு தொடங்குவோம். 'நிறை' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் தொகைமரபில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே கொண்டு, அவை மொழிமுதலில் கொள்ளும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்தார். ஆண்டு 'அளவு' என்பது முகந்து அறிவது. 'நிறை' என்பது நிறுத்து அறிவது. திருக்குறளில் 'நிறையழிதல்' என ஓர் அதிகாரமே உளது. ஆயின் அங்கு நிறை என்பது நெஞ்சை நிறுத்தும் உறுதி. நிரம்புதல் என்னும் வினைப்பொருளும் இச்சொல்லுக்கு இன்றும் உண்டு. நிறுத்து அறியும் கருவி நிறைகோல் ஆயிற்று. நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் உவமை கூறியதோடு நிறைகோலையும் கூறினார். ஐயம் தீர்த்தலும் நடுநிலை நிற்றலும் அதன் இயல்பு என்றார்.

'எடை' என்பது 'எடு' என்னும் வினையினின்று பிறந்தது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு என்பதை ஆகுபெயர் கற்கும் மாணவன் அறிவான். எடுத்தல் என்பது தூக்கிப் பார்த்தல். கையால் தூக்கும்போது உணரப்படும் சுமையே எடை. பேச்சுத் தமிழில் இன்று நிறை என்னும் சொல் அருகிவிட்டது. எடை ஒன்றே வழங்குகிறது. மளிகைக் கடையில் எடை போடுகின்றனர். பொட்டலத்தின் மேல் 'நிகர எடை' எனக் கிலோவில் அச்சிடுகின்றனர். உடலெடையைக் கிலோவில் கூறுகின்றனர்.

இந்நிலையில் ஆறாம் வகுப்பு மாணவன் முன் அறிவியல் நூல் இரண்டு சொற்களையும் பிரித்து வைக்கிறது. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அதன் அலகு கிலோகிராம். எடை என்பது அப்பொருளைப் புவி தன்பால் ஈர்க்கும் விசை. அதன் அலகு நியூட்டன். ஆகவே கடைக்காரர் போடுவது எடையன்று, நிறை. பொட்டலத்தில் அச்சிட்டது பிழை. தந்தையார் கூறிய உடலெடையும் பிழை. ஊரார் அனைவரும் பிழை பேசுகின்றனர், நூல் ஒன்றே சரி பேசுகிறது என்னும் நிலையில் சிறுவன் நிறுத்தப்படுகிறான். அவன் என் செய்வான்? நூல் கூறுவதைத் தேர்வுத் தாளிலும், ஊர் கூறுவதை ஊரிலும் வைத்துக்கொள்வான். இரண்டும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. அறிவியல் என்பது உலகைப் பற்றியது அன்று, தேர்வைப் பற்றியது என்னும் எண்ணம் அவனுள் வேரூன்றும் இடம் இதுவே என யாம் கருதுகின்றோம்.

சொற்களில் குற்றம் உண்டோ எனின், இல்லை என்பதே எம் கருத்து. தமிழகத்தார் ஆண்ட இவ்விரு சொல்லும் ஆராயுந்தோறும் பொருத்தமுடையனவாகவே தோன்றுகின்றன. எடுக்கும்போது கை உணர்வது விசையே. எனவே எடுத்தலின் வழிவந்த எடை விசைக்குப் பெயராதல் தகும். நிறைகோலோ ஈர்ப்பைத் தனியே அளப்பதன்று. இரு தட்டிலும் ஒரே ஈர்ப்பு இயங்குவதால், நிறைகோல் காட்டுவது ஒரு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிட்ட அளவாகும். நிலவுக்குக் கொண்டு சென்றாலும் அவ்வொப்பீடு மாறாது. சுருள்வில் தராசோ அங்கு ஆறில் ஒரு பங்கே காட்டும். நிறைகோல் வழிவந்த நிறை மாறாத அளவுக்கும், எடுத்தல்வழி வந்த எடை இடத்துக்கு இடம் மாறும் விசைக்கும் பெயரானது தற்செயலாக நேர்ந்திருப்பினும் நற்செயலே. இவ்வளவு நயமுடைய வேறுபாட்டைச் சொற்கள் தம்முள்ளே வைத்திருந்தும், நூல் அதனைத் தொட்டுக் காட்டுவதில்லை. இரு சொல்லும் எங்கிருந்தோ வந்து வீழ்ந்தனபோல இரு வரையறைகளின் தலையில் நிற்கின்றன.

இனி அவ்வரையறையை நோக்குவோம். 'பருப்பொருளின் அளவு' என்பது யாது? பொருள் என்னும் சொல்லைச் சிறுவன் அறிவான்; செல்வம் என்றும், சொற்பொருள் என்றும், கடையில் வாங்கும் பண்டம் என்றும் அறிவான். 'பருப்பொருள்' என்பது அவன் முதன்முதலாக நூலில் காணும் சொல். அறியாத நிறையை அதனினும் அறியாத பருப்பொருளால் விளக்குதல் விளக்கம் ஆகாது. இக்குறை தமிழ் நூலார் செய்தது மட்டுமன்று என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் பெருநூலின் தொடக்கத்திலேயே பொருளின் அளவை அடர்த்தியாலும் பருமனாலும் வரையறுத்தார். அடர்த்தி என்பதோ பருமனுக்குரிய நிறையே ஆதலின், அவ்வரையறை தன் வாலைத் தானே விழுங்குவது என்று எர்ன்ஸ்ட் மாக் 1883இல் எடுத்துக்காட்டினார். அறிஞர் இருநூறாண்டாகக் குறை கண்ட வரையறையைப் பதினோர் அகவையினர் மனப்பாடம் செய்யுமாறு வைத்துள்ளோம்.

அளவியல் அறிஞர்தாமும் பருப்பொருளை எண்ணி நிறையைக் கண்டாரல்லர். பாரிசு நகரின் அருகே செவ்ரு என்னும் இடத்தில் பேணப்பட்ட பிளாட்டினம், இரிடியம் கலந்த உருளை ஒன்றின் நிறையே கிலோகிராம் என 2019 மே மாதம் வரை கொள்ளப்பட்டது. பிறவெல்லாம் அதனோடு ஒப்பிட்டு அறியப்பட்டன. 2019 மே 20 முதல் பிளாங்கு மாறிலியைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. அவ்வுருளை காட்டும் நெறி எளிது: இது அதற்கு ஒப்பா, மிகையா, குறைவா என நிறைகோலில் வைத்துப் பார்த்தல். சிறுவனும் செய்யக்கூடிய செயல் இது. செயலால் தெளிவிக்கக் கூடியதைச் சொல்லால் மறைக்கின்றது வரையறை.

நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு காட்ட நூல்கள் நெடுங்காலமாகக் கையாளும் எடுத்துக்காட்டு நிலவு. புவியில் 60 கிலோகிராம் நிறையுடையவர் ஏறத்தாழ 588 நியூட்டன் எடையினர். நிலவில் அவர் நிறை மாறாது, எடை ஏறத்தாழ 97 நியூட்டனாகக் குறையும். இதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் தான் என்றும் செல்லவியலாத ஓரிடத்தில் மட்டுமே இவ்விரண்டும் வேறாகும் எனக் கேட்கும் சிறுவன், இங்கு அவை ஒன்றே என முடிவு செய்தால் அவனைக் குறை கூறுதல் தகுமா? வேறுபாடு இங்கேயே, அவன் ஊர் ஆற்றங்கரையிலேயே உளது. யாம் எழுதுவதாயின் இவ்வாறு எழுதுவோம்:

'அசையாத நீரில் இரண்டு ஓடங்கள் மிதக்கின்றன. ஒன்று வெறும் ஓடம். மற்றொன்றில் நெல் மூட்டைகள் உள்ளன. இரண்டையும் நீரே தாங்குகிறது. நீ தாங்க வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பார். வெறும் ஓடம் உடனே விலகுகிறது. நெல் ஏற்றிய ஓடம் அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. நகர்ந்தபின் அவ்வளவு எளிதில் நிற்பதும் இல்லை. சுமையை நீர் தாங்கிவிட்டது. அப்படியானால் உன் கையைத் தடுப்பது எது? அதற்குத்தான் நிறை என்று பெயர். ஓடத்தை நீரிலிருந்து மேலே தூக்கப் பார்த்தால் உன் கை உணர்வது எடை.'

நீரின் தடையும் ஓரளவு இதில் கலந்துள்ளது என இயற்பியலார் கூறுவர், உண்மையே. அதனைப் பின்னொரு பாடத்தில் சொல்லிக்கொள்ளலாம். நிலைமம் என்னும் கருத்து எட்டாம் வகுப்பினும் மேல்வகுப்பிற்கு உரியது, ஆறாம் வகுப்பில் வேண்டா என்பாரும் உளர். பெயர் வேண்டா என்பது சரி. கை உணர்வதை மறைக்க வேண்டும் என்பது சரியன்று.

இவ்விடத்தில் தமிழ்ப் புலவர்க்கு இயல்பாகவே தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு. நம் மரபில் சூத்திரம் தனியே வழங்கியதில்லை. சில எழுத்தால் இயன்று பல பொருளை அடக்கி நிற்பது சூத்திரம். அதனை விரிப்பது உரை. கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் உடைமையானும், அவற்றோடு வினாவும் விடையும் சேர்தலானும் காண்டிகையுரை அமையும் என நன்னூலார் வகுத்தார். நடுநிலைப் பள்ளி அறிவியல் நூலின் பக்கத்தைப் பிரித்தால் காண்பது யாது? 'எனப்படும்' என முடியும் சூத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. உரை இல்லை; இருக்கும் வண்ணப் படம் உரை ஆகாது. பாடத்தின் இறுதியில் வினாக்கள் உள. அவை சூத்திரத்தையே திரும்பக் கேட்பன. காண்டிகையில் வரும் வினா வேறு வகையது. கற்போன் நெஞ்சில் எழும் ஐயத்தை ஆசிரியனே முன்னறிந்து எழுப்புவது. 'கடைக்காரர் கிலோவில் எடை என்கிறாரே, அது என்ன?' என்னும் வினாவை ஒரு நூல் தானே எழுப்பி விடை கூறுமாயின், அது இளம்பூரணர்க்கும் சேனாவரையர்க்கும் உறவு உடைய நூல் எனலாம்.

'எனப்படும்' என்னும் முடிபைப் பற்றி மேலும் ஒரு சொல். செயப்பாட்டுவினை தமிழுக்கு அயலானது என்று யாம் கூறவில்லை. 'என்ப', 'என்மனார் புலவர்' என்பன இலக்கண நூலார்க்கு உயிர்நிலை. ஆனால் 'என்மனார் புலவர்' என்னுமிடத்துக் கூறுவோர் உளர். முன்னோர் கூறினர், யாமும் உடன்படுகின்றோம் என்பது அதன் குறிப்பு. 'எனப்படும்' என்பதில் கூறுவோர் மறைந்துவிட்டனர். யாரால் அவ்வாறு எனப்படும்? எதற்காக? இவ்வினாக்களுக்கு இடமே இல்லை. வேலை என்பதற்குப் பொறியியலில் இன்று நாம் கொள்ளும் பொருளைப் பிரெஞ்சு நாட்டுக் கொரியோலி 1829இல் நிலைநாட்டினார் என்றும், அவரும் தம் மொழியின் அன்றாடச் சொல்லையே எடுத்தாண்டார் என்றும் சொன்னால், அச்சொல்லுக்குப் பிறப்பு உண்டு என்பதைச் சிறுவன் அறிவான். 'வேலை எனப்படும்' என்றால் அது வானத்தினின்று வீழ்ந்தது.

வேலை என்னும் சொல்லே நூல்களில் மிகுந்த இடர் தருவது. தலையில் நெல் மூட்டையைச் சுமந்து ஒரே இடத்தில் நிற்பவர் வேலை செய்யவில்லை என நூல் கூறுகிறது. வியர்வை ஒழுக நிற்கும் தந்தையைக் கண்ட சிறுவனுக்கு இத்தொடர் பொய்யாக மட்டுமன்று, பழிப்பாகவும் தோன்றக்கூடும். இங்குத் தேவையானது ஒரே ஒரு தொடர்: 'அவர் களைப்பது உண்மை, அவர் தசைகள் ஆற்றலைச் செலவிடுகின்றன, ஆனால் மூட்டை நகரவில்லை, மூட்டைமேல் நிகழ்ந்ததை மட்டுமே இங்கு எண்ணுகிறோம்.' இத்தொடர் இல்லாமையால் நேரும் இழப்பு, வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ என்ற வழக்கால் நேர்ந்த எவ்விழப்பினும் பெரிது.

கன அளவு என்பது வேறு வகைச் சிக்கல். இங்குச் சொல்லே குற்றமுடைத்து. 'கனம்' என்றால் மாணவனுக்குப் பாரம். 'கனமான பெட்டி' என்று வீட்டில் வழங்குவர். முப்பரிமாண அளவைக் குறிக்க வடமொழிக் கணிதத்தினின்று வந்த 'கனம்' அவன் அறியாதது. ஆதலின் 'கன அளவு' என்பதைப் பாரத்தின் அளவு என உணர்தலே அவனுக்கு இயல்பு. நிறை, எடை என்னும் இரண்டோடு இம்மூன்றாவதும் சேர்ந்து ஒரே மயக்கத்தை மும்மடங்காக்கும். நூற்குற்றம் பத்தனுள் 'மயங்கவைத்தல்' என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யாம் காணவில்லை. பருமன் என்னும் நல்ல சொல் உளது; நூல்களில் அதுவும் வழங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காப்பதைவிட ஒன்றை விடுதலே நன்று.

வெப்பம், வெப்பநிலை என்பவை பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஊதுவத்தியின் கனலும் நுனி ஒரு குடம் வெதுவெதுப்பான நீரினும் மிகுந்த வெப்பநிலை உடையது. ஆனால் அக்குடத்து நீர் தரும் வெப்பத்தை அந்நுனி தரவியலாது. இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும். மேலைநாட்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜோசப் பிளாக் பிரித்துக் காட்டும்வரை இவ்விரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை. கொதிக்கும் நீரை மேலும் எரித்தும் வெப்பமானி உயராமை கண்டு அவர் உரைத்த கருத்துக்கு நம் நூலார் 'உள்ளுறை வெப்பம்' எனப் பெயரிட்டனர். அகத்திணைக்கு உரிய உள்ளுறை உலையடுப்பிற்கு வந்து சேர்ந்தது கண்டு மகிழாத தமிழாசிரியர் இரார். இச்சொல்லைச் சொல்லும்போதாவது தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரு பள்ளியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம்.

எம் கருத்துக்கு மிகுந்த இடந்தருவது ஆவியாதல். இதுவரை கண்டவற்றில் ஒரு வழக்குச் சொல்லை அறிவியல் இரண்டாகப் பிரித்தது: எடை என ஊர் ஒன்றாக வழங்கியதை நிறை, எடை எனவும், சூடு என ஒன்றாக வழங்கியதை வெப்பம், வெப்பநிலை எனவும் பிரித்தது. ஆவியாதலில் நிகழ்வது இதன் மறுதலை. தமிழ் பலவாகப் பகுத்துக் கூறுவதை அறிவியல் ஒன்றாக்குகிறது. குளம் வற்றும். கொடியில் இட்ட ஆடை உலரும். முற்றத்து நெல் காயும். அடுப்பில் வைத்த பால் சுண்டும். நெற்றி வியர்வை ஆறும். வற்றுதலை ஆடைக்கோ சுண்டுதலைக் குளத்துக்கோ ஏற்றிக் கூறினால் சிறு குழந்தையும் நகைக்கும். இத்துணை நுட்பமாக வேறுபடுத்திக் கூறும் மொழியில் வளர்ந்த சிறுவனிடம், இவையனைத்தும் ஒரே நிகழ்ச்சி என்று கூறுதல் பெரியதோர் அறிவுப் பேறு. நடுநிலை வகுப்பு அறிவியலில் இதனினும் வியப்புக்குரிய செய்தி சிலவே இருக்கலாம். நீர் எங்கும் அழிந்துபோகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துவிட்டது. வற்றியதும் உலர்ந்ததும் சுண்டியதும் அதுவே.

நூல்கள் இப்பேற்றை நழுவவிடுகின்றன. 'நீர்மம் வளிமமாக மாறும் நிகழ்ச்சி ஆவியாதல் எனப்படும்' என்னும் வகையில் ஒரு தொடர் எழுதி, அடுத்து ஆடை உலர்தல் என ஓர் எடுத்துக்காட்டுத் தந்து அமைகின்றன. வற்றல், சுண்டல் என நாம் அன்றாடம் உண்பவற்றின் பெயரிலேயே இந்நிகழ்ச்சி உறைந்து கிடக்க, அவை நூலுள் நுழைவதில்லை. மாணவன் அறிந்த வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவற்றுள் பொதுவாக நிகழ்வது யாது என வினவி, பின் பெயர் கூறுவதே முறை. பொதுமை காணப்பட்ட பின் வரும் பெயர் பரிசு. அதற்கு முன் வரும் பெயர் சுமை.

ஆவி என்னும் சொல்லும் தன் பங்குக்கு மயக்கம் தரும். உயிர், மூச்சு என்பன அதன் பழம்பொருள்கள். இன்று ஆவி என்றதும் சிறுவன் நினைப்பது பேய். அதனை விடுத்தால் 'ஆவி பறக்கும் இட்டிலி'. இட்டிலிப் பானையின் மூடியைத் திறந்ததும் எழும் வெண்மையே அவனுக்கு ஆவி. அறிவியலின்படி அது நீராவி அன்று. குளிர்ந்து மீண்டும் நீராகிய நுண்துளிகளின் கூட்டம். உண்மையான நீராவி கண்ணுக்குப் புலனாகாது. கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்று நோக்கினால், மூக்குக்கும் வெண்மைக்கும் இடையே சிறிது வெற்றிடம் போலத் தோன்றும், ஆண்டுள்ளதே நீராவி. இதனை ஒரு முறை கண்டவன் மறவான். அன்றியும், ஆவியைக் கொதித்தலோடு மட்டும் சேர்த்தெண்ணும் சிறுவனுக்கு, அடுப்பேதும் இன்றிக் கொடியாடை 'ஆவியாகிறது' என்பது நம்பத் தக்கதாக இராது. கொதித்தல் இயல்பான காற்றழுத்தத்தில் 100 பாகை செல்சியசில் நிகழ்வது. ஆவியாதல் எவ்வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நிகழ்வது. இவ்வேறுபாட்டை நூல்கள் அட்டவணையில் தருகின்றன. சொல்லில் உள்ள மயக்கத்தை அட்டவணை நீக்காது.

எம் கருத்துக்கு எழக்கூடிய தடை ஒன்று உண்டு. அறிவியல் துல்லியத்தை நாடுவது. கதைபோல எழுதினால் துல்லியம் கெடும். வரையறை சுருங்கியதாகவே இருத்தல் வேண்டும் என்பர். வரையறை வேண்டா என யாம் கூறவில்லை. பெ. நா. அப்புசாமியின் கட்டுரைகளையும், தூரன் பொறுப்பில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் படித்தோர், எளிமையும் துல்லியமும் தமிழில் ஒருங்கே இயலும் என்பதை அறிவர். அத்தகைய நடை பொழுதுபோக்கு நூலுக்கு உரியது என்றும் பாடநூலுக்கு ஆகாது என்றும் யாரும் விதி வகுத்திலர். எனினும் வழக்கில் அவ்வாறே ஆகிவிட்டது. பாடநூல் பலர் கூடி எழுதுவது, பக்க அளவுக்கு உட்பட்டது, தேர்வை நோக்கியது என்பனவும் மெய்யே. 2018 முதல் தமிழகத்தில் புதுக்கி வெளியிடப்பெற்ற நூல்களில் செய்முறைகளும் படங்களும் மிகுந்துள்ளமை பாராட்டத்தக்கது. செய்முறை மிகுந்த பின்னும் தொடர் பழைய தொடராகவே இருத்தலைத்தான் யாம் சுட்டுகின்றோம்.

நல்ல சொல்லாக்கம் தொடரின் குறையையும் ஓரளவு ஈடு செய்யும் என்பதற்குத் 'திசைவேகம்' சான்று. திசையும் சேர்ந்த வேகம் என அச்சொல்லே தன்னை விளக்கி நிற்கிறது. ஆங்கில மூலத்தில் அவ்விளக்கம் இல்லை. ஈழத்து நூல்களில் இவ்விடத்து 'வேகம்' என்றும், தமிழகத்தார் வேகம் என்பதற்குக் 'கதி' என்றும் வழங்குவர். கதி பழகிய சொல்லாயினும் இங்குத் தமிழகத்தார் ஆட்சியே சிறந்தது. 'முடுக்கம்' என்பதும் அவ்வாறே. ஈழத்து 'ஆர்முடுகல்' நாவுக்குச் சற்று அரிது. ஆனால் 'அடர்த்தி' இரு நாட்டாருக்கும் பொது. தனிமத்தை அவர்கள் 'மூலகம்' என்பர். அது தனிமத்தினும் தாழ்ந்ததன்று. ஆற்றலைச் 'சக்தி' என்றும், திறனை 'வலு' என்றும் கூறுவர். வலு என்பது பேச்சில் உயிரோடு இருப்பது; திறன் என்பது மாணவனுக்குத் திறமையையே நினைவூட்டும். இங்கு ஈழத்தார்க்கே எம் வாக்கு.

நிறைக்கு மீண்டும் வருவோம். ஈழத்து விஞ்ஞான நூல்களில் 'நிறை' என்பது தமிழகத்தார் எடை எனக் கூறும் விசையைக் குறிக்கும். தமிழகத்தார் நிறை என்பதை அவர்கள் 'திணிவு' என்பர். திணிதல் செறிதலாதலின், திணிவு என்பது அடர்த்திக்கே நெருக்கமாகத் தோன்றும் என்பது எம் எண்ணம். ஆயினும் நிறை என்பதை நிறுத்தறியும் சுமைக்கே வைத்துக்கொண்டதில் அவர்கள் பழைய ஆட்சியினின்று விலகினாரல்லர். தமிழகத்திலும் முன்பு 'பொருண்மை' என ஒரு சொல் இவ்விடத்து முயலப்பட்டது. சொன்மை, பொருண்மை எனத் தொல்காப்பியர் பிரித்தமையை அறிந்த நமக்கு அச்சொல் வேறொன்றையே நினைவூட்டும் என்பது வேறு செய்தி.

எது சிறந்தது என்பது புலவர்க்கு ஆராய்ச்சி. 1983இன் பின் ஏதிலியராகத் தமிழகம் வந்து இங்குள்ள பள்ளிகளில் சேர்ந்த ஈழத்துச் சிறுவர்க்கு அது ஆராய்ச்சியன்று. ஆங்கிலச் சொல் புரியவில்லை எனின் புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். நிறை என்னும் சொல்லோ அவர்கட்கு நன்கு தெரிந்த சொல். தெரிந்த சொல் மறுதலைப் பொருள் தருமிடத்து, தமக்குப் புரியவில்லை என்பதே அவர்கட்குத் தெரியாது. நிறையின் அலகு யாது என்னும் வினாவுக்குத் தாம் கற்றபடி நியூட்டன் என விடையெழுதினால் இங்கு அது பிழை. அங்கு அதுவே சரி. வேகம் பற்றிய வினாவிலும் இவ்வாறே நேரும். தமிழ் ஒன்றே என்று கூறும் நாம் இதனை இதுகாறும் ஒரு சிக்கலாகவே கருதியதில்லை.

இரு நாட்டாரும் ஒரே சொல்லைக் கொள்ளவேண்டும் என யாம் கேட்கவில்லை. அத்தகைய மாநாடுகள் பல நிகழ்ந்துவிட்டன. இரு பக்கத்தும் தலைமுறைகள் தத்தம் சொல்லில் பயின்றுவிட்டன. வேண்டுவது சிறிது. தமிழக நூலில் நிறை வருமிடத்து, ஈழத்து நூல்கள் இதனைத் திணிவு என்றும் எடையை நிறை என்றும் வழங்கும் என ஒரு வரி. ஈழத்து நூலில் அதற்கு இணையாக ஒரு வரி. பாடவேறுபாடு காட்டிப் பதிப்பிக்கும் பயிற்சி நம் துறையினர்க்கு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இரு நாட்டு நூல்களிலும் இவ்வாறு பொருள் மாறி வழங்கும் சொற்களைத் தொகுப்பது, முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கத்தக்க பணி.